சிகரெட்டோடு வந்த கால் போத்தல்

புலம்பெயர்ந்து வந்து மிச்சம் (Mitcham) என்ற ஊரில் வசிக்கிறேன். நான் குடியை விட்டு ஐந்து மாதமாகியிருந்தது. "குடியை விட்டிட்டீங்கள், சிகரெட்டாவது இருக்கட்டும்" என்று மனைவியே சொன்னாள். நானும் நாளுக்கு ஒரு பெட்டி ஊதினேன்.

ஒரு சனிக்கிழமை சிகரெட் வாங்க வழக்கமான தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை ஊரில் ஆறு மாதம் நின்றுவிட்டு அன்றுதான் வந்திருந்தார். நான் குடியை விட்டது அவருக்குத் தெரியாது. பழைய பழக்கத்தில், கேட்காமலே சிகரெட்டோடு கால் போத்தல் விஸ்கியையும் பையில் போட்டுத் தந்தார். நானும் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். முதல் இழுவையிலேயே தொண்டை விஸ்கியைக் கேட்டது. இருபது வருடமாக இரண்டையும் சேர்த்தே பழக்கியவன் நான்தானே.

திரும்பிப் போய்ப் பையை மேசையில் வைத்தேன்.

"அண்ணை, நான் குடியை விட்டிட்டன்."

"நல்லது தம்பி. அப்ப சிகரெட்டை மட்டும் கொண்டுபோ."

"வேண்டாம். அதைக் குப்பையில போடுங்கோ."

திங்கட்கிழமையே பார்மசியில் கேட்டு, சிகரெட்டை விட உதவும் நிகோட்டின் பேட்ச் ஒட்டத் தொடங்கினேன். 'சிகரெட்டாவது இருக்கட்டும்' என்று இப்போது யார் சொன்னாலும் நான் மறுத்துச் சொல்லிவிடுகிறேன். அதே கடைக்குத்தான் இன்றும் போகிறேன். என்னைக் கண்டதும் அண்ணை கேட்காமலே எடுத்து வைப்பது பாலும் கறிவேப்பிலையும்.