காப்புக் கட்டிய கையும் களவாணி மெயிலும்

என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரி. அவர் ஒரு அதட்டல் போட்டால் லாரி டிரைவர் முதல் மட்டை உரிப்பவர் வரை நடுங்குவார்கள். அப்பேர்ப்பட்ட ஆள் மாரியம்மன் திருவிழாவில் பட்ட பாட்டை நான் சொல்லாமல் யார் சொல்வது?

இந்த வருஷம் கரகம் எடுக்கும் பாக்கியம் அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஏங்கிக் கிடந்தவர். கையில் மஞ்சள் காப்புக் கட்டியாயிற்று. கட்டிவிட்டால் கரகம் இறங்கும்வரை கவிச்சி தொடக்கூடாது. நான் கருவாட்டுச் சட்டியைக்கூடப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அப்போது வந்தது அந்த மெயில். 'நீ தனியாக இருந்தபோது செய்ததை உன் கேமரா வழியாகப் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பு. இல்லையேல் எல்லோருக்கும் காட்டுவேன். இது உன் முகவரியிலிருந்தே வருகிறது, பார்.' பார்த்தால், அனுப்பியவர் இடத்தில் இவர் முகவரியேதான்!

"கனகா, மோசம் போயிட்டேன்டி."

பொம்பளை விவகாரமோ என்று நினைத்துவிட்டேன். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"வஞ்சிர வறுவல். தேங்காய்க் கொட்டகையில, போனைச் சொம்புல சாச்சுவச்சுப் படம் பாத்துக்கிட்டே தின்னேன். எல்லாத்தையும் பாத்திருக்கான்."

அடப் பாவி மனுஷா! காப்புக் கட்டிய கையால் மீனா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அந்தத் திருட்டுப்பய சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்" என்று நேரே கோயிலுக்குப் போய், நாட்டாமை ஐயாவு முன்னால் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். "கரகம் உனக்கில்லப்பா. வேற ஆள் பாக்குறோம்" என்றார் ஐயாவு. வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை.

இழுத்துக்கொண்டு போனேன், இ-சேவை மையம் வைத்திருக்கும் ஆயிஷாவிடம். மெயிலைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, கவர் மேல அனுப்புநர்னு யாரு பேரை வேணாலும் எழுதலாம்ல? அதேதான் இது. நீங்க அனுப்புன மெயில்ல இது இருக்கா பாருங்க, இல்லை. உள்விவரத்துல பாருங்க, எங்கேருந்தோ வந்திருக்கு. அவன் மீனையும் பாக்கல, முள்ளையும் பாக்கல. ஊருக்கே ஒரே மெயிலை அனுப்புறவன். பதில் போடாதீங்க, பணம் அனுப்பாதீங்க. ஸ்பாம்னு தட்டிவிட்டுட்டு, மனசுக்குத் தைரியமா பாஸ்வேர்டை மாத்திக்கங்க."

அநியாயமாக உளறிவிட்டாரே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அன்று சாயங்காலம் ஐயாவு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"ஏம்ப்பா, அந்த மெயிலு… பணம் அனுப்பினா விட்ருவானா?"

"ஏன் மாமா கேக்குறீங்க?" என்றார் இவர்.

"சும்மாதான்."

சும்மா கேட்கிற முகமா அது? வேர்த்துக் கொட்டியது. "உங்களுக்குமா?" என்றேன். தலையை ஆட்டினார். அவர் கையிலும் காப்பு!

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கைகாட்டி அடக்கிவிட்டார். ஆயிஷா சொன்னதையெல்லாம் சொல்லி, அவர் போனை வாங்கி பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார். நீங்க என்ன செஞ்சீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தின்னது தப்புதான் மாமா, எனக்குக் கரகம் வேணாம். ஆனா எடுக்கப்போற ஆளுக்கும் மெயில் வந்துச்சான்னு கேட்டுக்கங்க."

"கேட்டேம்ப்பா. காப்புக் கட்டுன அத்தனை பேருக்கும் வந்திருக்கு. அத்தனை பேரும் முழிக்கிறானுங்க. வாயைத் திறந்தவன் நீ ஒருத்தன்தான். ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, குளிச்சுட்டு வா. நீதான் எடுக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். "போங்க" என்றேன்.