ஷகீலாவின் வாயும் யாசிரின் கீபோர்டும்

திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் ஷகீலாவுக்கு வாய்க்காரி என்று பெயர். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. வாய் இல்லாவிட்டால் என் பிள்ளையை எவன் மதித்திருப்பான் என்பாள். மகன் யாசிருக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால் நடக்காது, பேச்சு வராது, கை நினைத்த இடத்துக்குப் போகாது. புத்திக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இதைப் பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை வற்றிப்போனது. பையன் பேர் என்ன என்று யாரும் பையனைக் கேட்டதில்லை. எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். பசிக்கிறதா, படிப்பானா, ஊசி போட்டால் அழுவானா, எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். சொல்லியே பழகிப்போச்சு.

அவன் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து அவனுக்கென்று ஒரு கீபோர்டை வரவழைத்துக் கொடுத்தது. பட்டன்கள் எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கும். அவற்றின்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு கெட்டித் தகடு. கை எப்படி உதறினாலும் தகட்டின்மேல்தான் விழும்; விரல் முட்டியை ஓட்டைக்குள் விட்டு அழுத்தினால்தான் எழுத்து விழும். அடித்து முடித்ததும் அதோடு சேர்ந்த போன், எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் வருகையை அறிவிக்கிற மாதிரி அதை உரக்கப் படிக்கும்.

அந்த போன் முதன்முதலில் படித்தது என்ன தெரியுமா? "அம்மி, எனக்கு டீ பிடிக்காது."

என் பிள்ளைக்கு டீ என்றால் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லி, நாளுக்கு மூன்று வேளை ஊற்றிக் கொடுத்தவள் ஷகீலா. அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சந்து முழுக்கப் போய், "என் புள்ளைக்கு டீ புடிக்காதாம், அவனே சொன்னான்," என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்தத் தகட்டு ஓட்டைகள் இருக்கின்றனவே, அவை தூள் பிடிப்பதற்கென்றே செய்தவை. யாசிருக்குப் பொறை பிஸ்கட் இல்லாமல் பொழுது போகாது. பாதி வாய்க்குள் போகும், பாதி கீபோர்டுக்குள் போகும். ஒருநாள் நாலு பட்டன் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரன் திருப்பிப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க என்றான். வேறு வர ஆறு மாதம் ஆகும். அதுவரை பிள்ளை ஊமையாக இருப்பதா என்று ஷகீலா அவனை நன்றாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துப் பாண்டி பஜார் கடைகளுக்குக் கொடுக்கிறவள் அவள். தையல் மிஷினில் பஞ்சு எடுக்கிற பிரஷ் கையோடு இருந்தது. தகட்டைக் கழற்றி, ஹேர்பின்னால் பட்டன்களை நெம்பி எடுத்து, முந்தானையில் அதே வரிசையில் பரப்பி, உள்ளே இருந்த தூளையெல்லாம் கூட்டி எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் படுக்கும்முன் அவளுக்கு அது ஒரு வேலை. என் தையல் மிஷினைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை என்பாள்.

யாசிர் பி.சி.ஏ. முடித்தான். தரமணியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். கை கால் முடியாதவர்களுக்கும் செல்போன் செயலிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சொல்கிற வேலை. முதலாளி விசாலாக்ஷி நல்ல காரியத்தை விஜயதசமியில் ஆரம்பிக்கிறவர். ஆகவே இன்டர்வியூவும் அன்றைக்கே வைத்துவிட்டார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. யாசிரைச் சின்ன வயதிலிருந்து தூக்கி ஏற்றி இறக்குகிற ஆட்டோக்காரர் அம்மாசி, ஸ்டாண்டில் ஆட்டோவுக்கு மாலை போட்டு, ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாசிரின் மடியில் கீபோர்டு. அதைப் பார்த்ததும் அவருக்குப் பாசம் பொங்கிவிட்டது. கீபோர்டு முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் ஒரு கை அள்ளித் தூவி, சூடம் காட்டிவிட்டார். "நைனா, பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்கு ஆபீஸ்ல போயி மொதோ மொதோ பேசு. ஜெயம் உனக்குத்தான்," என்று துணி உறைக்குள் போட்டுக் கட்டியும் கொடுத்தார். யாசிர் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான்.

ஷகீலாவுக்கு இது ஒன்றும் தெரியாது. ராத்திரி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தபோது உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் தரவே இல்லை. நாளைய பயமாக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் தரமணி. அம்மாசி சக்கர நாற்காலியோடு அவனை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே போய் நின்றார். கண்ணாடி அறைக்குள் விசாலாக்ஷியும் இன்னொரு அதிகாரியும் இருந்தார்கள். ஷகீலா உறையை அவிழ்த்தாள். சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. சர்க்கரை இளகிப் பட்டன்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டைக்கு ஓட்டை எறும்பு. யாசிர் விரல் முட்டியால் அழுத்திப் பார்த்தான். போன், "ககககக" என்றது. இன்னொரு தடவை அழுத்தினான், அதுவும் இல்லை. அவன் முகம் சுண்டிவிட்டது.

அதிகாரி ஒரு சாதாரண கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தார். தகடு இல்லாததால் கை உதறி நாலு எழுத்து ஒன்றாக விழுந்தது.

"பரவாயில்லைம்மா, அவருக்குப் பதிலா நீங்களே சொல்லுங்க," என்றார் விசாலாக்ஷி.

ஷகீலாவுக்கு இது கைவந்த வேலை. அவன் மார்க்கு, படிப்பு, திறமை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "என் புள்ள மேடம்," என்று ஆரம்பித்தவள் பக்கத்தில் திரும்பினாள். யாசிர் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, உயிரில்லாத அந்தத் தகட்டையே முட்டியால் தட்டிக்கொண்டிருந்தான்.  அவள் மறுபடி விசாலாக்ஷியின் பக்கம் திரும்பினாள்.

"இல்ல மேடம். வேல அவனுக்குத்தான, அவனே பேசட்டும். கொஞ்சம் டைம் குடுங்க," என்றாள்.

விசாலாக்ஷி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து வந்திருப்பவரை முதலில் பார்த்துவிடுகிறேன், அதற்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு ஷகீலா வெளியே வந்தாள். போன் போட்டதும் அம்மாசி டூல்ஸ் பையோடு ஓடிவந்தார். கீபோர்டைப் பார்த்தவர் எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"பொட்டு வெச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. சக்கரை எதுக்குப் போட்டே?"

"தம்பிக்கு நல்லது நடக்கணும்னுதாம்மா. இப்டி ஆவும்னு நான் இன்னாத்தக் கண்டேன்."

"சரி சரி, தகட்டைக் கழட்டு."

பொட்டு கலையாத ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் தகட்டைக் கழற்றினார். ஷகீலா ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். பொரி, பொட்டுக்கடலை, எறும்பு, எல்லாம் கொட்டியது. பட்டன்களை நெம்பி முந்தானையில் பரப்பினாள். வாசலில் கை துடைக்க வைத்திருந்த சானிடைசரைக் கைக்குட்டையில் தொட்டுத் தொட்டுப் பிசுக்கை எடுத்தாள். அம்மாசி உதவி செய்கிறேன் என்று வாயால் ஊதக் குனிந்தார். "எச்சி தெறிக்கும், தள்ளி நில்லு," என்று ஒரு அதட்டல் போட்டாள். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்தித் தகட்டை முடுக்கி மகன் மடியில் வைத்தபோது, அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. யாசிர் முட்டியால் அழுத்தினான்.

"அம்மாசி மாமாவைத் திட்டாதே," என்றது போன்.

மறுபடி உள்ளே போனார்கள். நாங்கள் அனுப்பிய செயலியைப் போட்டுப் பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது என்று விசாலாக்ஷி கேட்டார். அவன் அடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். "பணம் கட்டுற பட்டன் ரொம்பச் சின்னது. கேன்சல் அடிக்கப் போனேன், ரெண்டு தடவை பணம் போயிடுச்சு," என்றது போன். அதிகாரி சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். யாசிர் மேலும் மேலும் அடித்தான். ஷகீலாவுக்குத் தெரியாத விஷயங்கள் எத்தனையோ வந்தன. அவள் மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தினமும் அம்மாவும் கூட வருவாங்களா? அவங்களுக்கும் இடம் போடணுமா?" என்று கேட்டார் விசாலாக்ஷி.

ஷகீலா வருவதாகத்தான் முடிவு செய்திருந்தாள். தையல் மிஷினைக்கூட மூடி வைத்தாயிற்று. யாசிரின் விரல் முட்டி மெதுவாக ஓட்டை ஓட்டையாகப் போய் வந்தது.

"வேண்டாம். அம்மிக்கு அவங்க வேலை இருக்கு. கீபோர்டைச் சுத்தம் பண்ண இங்கே யாருக்காவது நானே சொல்லித்தரேன்."

ஷகீலாவுக்குச் சுருக்கென்றது. கண் கலங்கியது. கூடவே உள்ளே எதுவோ விம்மிப் பெருத்தது. அவனே இப்படி முகத்துக்கு நேராகச் சொல்வதற்குத்தானே இத்தனை வருஷம் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

விசாலாக்ஷியும் அதிகாரியும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு விசாலாக்ஷி வழக்கம்போல, எல்லாரையும்போல, ஷகீலாவின் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து அனுப்பறீங்களாம்மா?"

"என்னை ஏன் மேடம் கேக்குறீங்க," என்றாள் ஷகீலா. "அவன்கிட்ட கேளுங்க."