ஆஸ்டின் டவுனில் ஒரு மெக்ஸிகோ பாட்டு

எங்கள் ஊர் ஆஸ்டின் டவுன் பேட்டையில், மாதா கோயில் வாசலில் கல்யாண பேண்டு வாசிக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த மெட்டு. மெக்ஸிகோவின் நாட்டுப்புறப் பாட்டு அது. லத்தீன் பாப் பாடகர்கள் ஆளுக்கொரு விதமாகப் பாடிய நான்கு கேசட்டுகள் என் வீட்டிலேயே இருக்கின்றன. இங்கே பல்லவியின் நடுவில் பேண்டு சட்டென்று நிற்கிறது. கூட்டம் இரண்டு முறை கை தட்டுகிறது. பிறகுதான் பாட்டு தொடர்கிறது. இந்த நிறுத்தம் என் கேசட் எதிலும் இல்லை.

டிரம்பெட்காரர் சேவியர் டீ குடிக்க வரும்போது, நடுவில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கிறேன்.

"எங்க கேசட்டு அந்த எடத்துல அறுந்துச்சு சார். செல்லோ டேப் போட்டு ஒட்டினோம், அங்க சத்தம் வராது. அதைக் கேட்டுத்தான் கத்துக்கினோம்."

"இப்பதான் முழுப் பாட்டும் தெரியுமே, நிறுத்தாம வாசிக்கலாமே?"

"ஈஜிபுரா பக்கம் ஒரு கல்யாணத்துல அப்படி நிறுத்தாம வாசிச்சோம். கை தட்ட எடம் எங்கேன்னு மாப்ள வூட்ல ஒரே கலாட்டா!"

மறுபடி அதே பாட்டு. மாப்பிள்ளையின் அத்தை என் கையைப் பிடித்து ஆட்டத்துக்குள் இழுக்கிறார். பேண்டு நிற்கிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள், நான் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறேன்.

"இந்தப் பாட்டுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று சிரிக்கிறார் அத்தை.