துணி திருடியவள் வேஷம்

அக்காவை நினைத்தால் முதலில் அவள் தலையில் மாட்டிக்கொண்ட வெள்ளைத் தொப்பிதான் ஞாபகம் வருகிறது. நாங்கள் நெய்த பேண்டேஜ் துணியில் வேஷத்துக்காக அவளே தைத்தது. ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்குத் துணி வாங்க வரும் பிரான்ஸ்காரருக்கு ஒரு கிறுக்கு. தன் ஊரில் லீவு கிடைத்தால் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாயாக வேஷம் கட்டிக் கூடாரத்தில் கிடப்பாராம். அவரைக் குளிர்விக்க முதலாளி ஆண்டுவிழாவையே பிரெஞ்சு ராணுவ முகாம் ஆக்கிவிட்டார். மலையடிவார மாந்தோப்பில் கூடாரம் போட்டார்கள். தறி ஓட்டுகிறவர்கள் சிப்பாய்கள். பொம்பளைகள் நாங்கள் ரொட்டி விற்பவர்கள், துணி வெளுப்பவர்கள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மடிப்புப் பிரிவில் எனக்கு அடுத்த மேஜை. புருஷன் இல்லை. அந்த வேலையை நம்பித்தான் அவளும் பிள்ளைகளும் இருந்தார்கள். மாசமாக இருந்த ஒருத்திக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று அக்கா கேட்டதிலிருந்து மேனேஜர் அவள்மேல் கறுவிக்கொண்டிருந்தார். அவரே கூப்பிட்டுப் பெரிய வேஷம் கொடுத்ததும், கோபம் ஆறிவிட்டது என்று இவள் நம்பிவிட்டாள். வேஷம் இதுதான்: அதிகாரியின் துணியைத் திருடியவள் எல்லார் முன்னாலும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு முரசடித்து முகாமை விட்டுத் துரத்துவார்கள். அந்தக் காலத்து வழக்கமாம். எனக்குப் பிடிக்கவில்லை, "வேண்டாங்க்கா" என்றேன்.

"ஏட்டி, நடிக்கன்னு வந்தாச்சு, பொறவு என்ன வெக்கம்?" என்று சிரித்தாள்.

பாவி மகள், நன்றாகவே நடித்தாள். "நாந்தான் துணியத் திருடுனேன், மன்னிச்சிருங்க" என்று மண்ணில் விழுந்து அழுதாள். சிப்பாய்கள் அவள் முகத்தில் கரி பூசித் தோப்பு வாசல் வரை துரத்தினார்கள். பிரான்ஸ்காரர் எழுந்து நின்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

திங்கட்கிழமை அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பேண்டேஜ் சுருள் குறைகிறதாம், எடுத்தது அவள்தானாம், அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாளாம்.

"சார், அது நீங்க சொல்லச் சொன்னதுதான?"

மேனேஜர் விழாவில் எடுத்த வீடியோவைப் போனில் போட்டு நீட்டினார். அதில் கூடாரமும் இல்லை, சிப்பாயும் இல்லை; அழுகிற முகமும் அந்த ஒரு வரியும் மட்டும் இருந்தன.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு முன்பே வீடியோ அங்கே போய்விட்டது. சூப்பர்வைசர் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுச் சுற்றி நிற்க வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"அதுல அழுத மாதிரியே ஒருக்க அழுது காட்டு, பாப்போம்."