மாமா அனுப்பிய நோர்வேக் காசு

அந்தக் கடித உறையைப் பிரித்ததும் மீன் வாடை வரும். மாமா நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று தெரிந்திருந்ததால் வந்த நினைப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நான் மூக்கை வைத்து இழுத்து, "ஓம், மணக்குது" என்று சத்தியம் பண்ணுவேன். "உனக்கு விசர்" என்று ஏசிவிட்டு அம்மாவும் ஒருக்கால் முகர்ந்து பார்ப்பார்.

ஆண்டுக்கு ஓர் உறைதான், சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி. உள்ளே நூறு குரோணர்த் தாள் ஒன்று இருக்கும். வயதில் இளையவரானாலும், பிறந்த வீட்டில் மிஞ்சிய ஒரே ஆண் என்ற உரிமையில் மாமா தன் அக்காவுக்கு அனுப்பும் "கைவியளம்" அது. வருசப்பிறப்பன்று கைக்கு வரும் அந்தக் காசை உடனே செலவழிக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம் என்பதால், அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். சிவந்த தாளில் ஒரு பாடகியின் முகம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே மங்கலாக இன்னொரு முகம். எங்கள் ஜெர்மன் மார்க் தாள்களைவிட அதுதான் வடிவென்று பள்ளிக்கூடத்தில் சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில், அகதிகளைத் திருப்பி அனுப்புவதைத் தள்ளிவைக்கும் "டுல்டுங்" என்ற தற்காலிக அனுமதித் தாளை நம்பி இருந்தோம். மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டும், இதில் நோர்வே எங்கே? மாமாவுக்கும் அங்கே விசா முடிவாகவில்லை. இருந்தாலும், தம்பியிடம் போகும்போது அந்த நாட்டுக் கடையில் தன் கையால் எடுத்துக் கொடுக்கத்தான் அந்தத் தாள்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். ஒரு குளிர்காலம் வேலை இல்லாமல் இருந்த அப்பா, "இஞ்சரும், பிராங்பேர்ட் ஸ்டேசனில மாத்துவமே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "காசு என்ன, பழுதாப்போற சாமானோ? கிடக்கட்டும்" என்றார் அம்மா. மாற்றினால் பயணத்தையே கைவிட்டதாகிவிடும் என்ற பயம் அவருக்கு.

நான் பள்ளி நூலகத்தில் குரோணரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒருகாலத்தில் டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றின் காசுக்கும் ஒரே மதிப்பாம். ஒரு நாட்டுக் காசை மற்ற நாட்டில் வாங்கிக்கொள்வார்களாம். முதல் உலகப்போரோடு அந்த ஏற்பாடு குலைந்து போனதாம். சொன்னபோது அம்மா கறிக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். "சண்டை ஆரத்தான் ஒண்டா இருக்க விட்டது" என்றார்.

ஏழாவது தாள் வந்த ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதில், மாமா வேலைத்தலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். வீட்டில் டொச், அதாவது ஜெர்மன், எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பயண அனுமதிக்கான "அன்ட்ராக்" என்ற விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன், பதிலை வாசித்துச் சொன்னதும் நான்தான். போகலாம், ஆனால் திரும்பி வர உரிமை இல்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்துவிட்டு, "உலையை வை பிள்ளை" என்றார். என்னால்தான் அவர் போகவில்லை என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. பின்னர் விசா கிடைத்தது, பாஸ்போர்ட்டும் கிடைத்தது. போவோமா என்று கேட்டால், "ஆரிட்ட?" என்பார்.

பல ஆண்டுகள் கழித்து, போன கோடையில், அம்மாவை எப்படியோ சம்மதிக்க வைத்து நோர்வேக்குக் கூட்டிப்போனேன். மாமாவின் சாம்பலைப் புதைத்து, கூட வேலை செய்தவர்கள் ஒரு கல் நட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்துப் பூக்கடையில், நான் தடுக்கும் முன்னரே, அம்மா கைப்பையைத் திறந்து ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினார். கடைக்காரப் பெண் பாவம், ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்: இவை இப்போது செல்லாது, மத்திய வங்கிக்கு விண்ணப்பம் அனுப்பினால் மாற்றித் தரக்கூடும். நான் தமிழில் சொன்னேன்.

"இன்னுமொரு அன்ட்ராக்கோ? எனக்கு ஏலாது."

பூவுக்கு நான் கார்டில் காசு கட்டினேன். கல்லுக்கு முன்னால் போனதும் அம்மா அதை என்னிடமே நீட்டினார். "நீ வை. உன்ர காசில வாங்கினது."

வெறுங்கையோடு நின்றார். நான் வைத்தேன்.

பாடகியின் முகம் இப்போது நோர்வேத் தாள்களில் இல்லை. முகங்களை எடுத்துவிட்டுக் கடலையும் கப்பலையும் மீனையும் அச்சடித்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் கார்டுதான், அதையும் கையில் வைத்திருப்பவர்கள் குறைவு. இங்கே எங்கள் ஊர்த் தமிழர் எல்லோரும் அம்மாவை "அக்கா" என்கிறார்கள், ஆனால் கூடப் பிறந்த உரிமையோடு அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. இந்த வருசப்பிறப்புக்கு அம்மாவின் கையில் ஐம்பது யூரோ கைவியளம் வைத்தேன். அன்று பின்னேரமே கடைக்குப் போய், ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் செலவழித்துவிட்டு வந்தார்.