மிளா வேட்டைக்குப் போகாத காலை

குலசேகரத்துக்கு மேலே, மலை தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு விளை இருந்தது. அந்த வருஷம் அந்த நிலம் முழுக்க மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, நட்டிருந்தோம். அரிசிக்கு ரேஷன் காலம். கிழங்குதான் எங்களுக்குச் சோறு. ஆடியில் செடி தழைத்ததும் மலையிலிருந்து ஒரு மிளா இறங்க ஆரம்பித்தது. நாட்டு மாட்டின் உயரம் இருக்கும் மான். சனியன், ஒரு இலை விடாமல் மேய்ந்தது.

எங்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரரைப் போலக் குறி தப்பாமல் சுடுகிறவர் இல்லை. விடிந்ததும் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடிக்க உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்க, இன்னைக்குப் போவாண்டாம்."

"ஏன்?"

"முழுகாம இருக்கேன்."

அவர் கை அப்படியே நின்றது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதாவது தங்கட்டும் என்று அவரிடம்கூட மறைத்திருந்தேன். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"சொல்லப்பிடாதா ஏட்டி?" என்று துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார்.

"வேற யாருக்கும் தெரியாண்டாம்" என்றேன்.

அவருடைய அண்ணன் ஆட்களோடும் நாய்களோடும் வந்தார். "ஏலே, வாறியா?"

"மேலுக்குச் சொகமில்லண்ணே."

"பொண்டாட்டி விடமாட்டாளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் விஷயம் வெளியே வந்துவிடுமே! அண்ணனே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

மேலே ஆட்கள் காடு கலைத்து மிளாவைக் கீழே விரட்டும் சத்தம் கேட்டது. இவர் முற்றத்தில் நின்று காற்றைப் பார்த்தார்.

"வெயில் ஏறியாச்சு. காத்து கீழேருந்து மேல போவுது. கீழ காத்து நிக்க அண்ணனுக்க வாடை மிளாவுக்குத் தெரிஞ்சிரும்."

ஓடிப்போய்ச் சொல்ல அவருக்குக் கால் துடித்தது. சொல்லிக் கொடுத்தாலும் கொலையில் பங்குதானே என்று நின்றுவிட்டார். வெடி கேட்டது. பின்னாலேயே அண்ணன் வைத வசவும் கேட்டது.

மிளா அதற்குப் பிறகும் வந்தது. தையில் பிடுங்கிப் பார்த்தபோது கிழங்கு பிடிக்காமல் வெறும் வேர்தான் இருந்தது. கடன்காரி மாதிரி வீடு வீடாகக் கிழங்கு கேட்டு நடந்தேன்.

பங்குனியில் பெண் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் அவளைக் கையில் வாங்கினார்.

"ஒரு விளையை முழுசும் தின்னுட்டாக்கும் வந்திருக்கா, கள்ளி" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.