செடிக்குக் காய்ச்சலுங்களா?

கொழிஞ்சாம்பாறை வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு, செடியைச் சூடாக்க ஒரு பெட்டி வாங்கியதே வேடிக்கையாக இருந்தது. வாசலில் வைத்தாலே வெந்துவிடுமே.

ஆய்வகத்தில் நான் வளர்த்தது கடுகுக் குடும்பத்துக் களைச்செடி ஒன்று. அதன் செல்லுக்குள் டி.என்.ஏ.வை நறுக்கும் நொதி ஒன்றை வைத்திருந்தோம். குளிரில் அது தூங்கும். சூடு பட்டால் விழித்துக்கொண்டு அங்கங்கே நறுக்கும். செடி பதறிப்போய் துண்டுகளை ஒட்டும்போது சிலவற்றை இடம் மாற்றி ஒட்டிவிடும். அதில் புதுக் குணம் பிறக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

ஒரு தட்டுக்குச் சூடு, இன்னொன்று குளிரறையில். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் நொதி வேலை செய்தது என்று சொல்ல முடியும். ஏற்கெனவே சொதப்பியிருந்தேன். இதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லியாகிவிட்டது.

முதல் தட்டுக்குச் சூடு கொடுத்து முடித்த மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கைவிரித்தது. குளிரறை சூடேறத் தொடங்கியது. அங்கிருந்த தட்டிலும் நொதி விழித்துவிட்டால் கதை கந்தல்.

தன் ஊராக இருந்தால் ஜன்னலைத் திறந்தாலே போதும் என்றாள் கூட வேலை செய்யும் மூணாறுக்காரி. வந்த கோபத்தில் அவளை அப்போதே மலையேற்றியிருப்பேன். அதற்குள் அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள். நேராகச் சந்தை, மீன்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஐஸ் கேட்டேன். எதற்கு என்றார் மீன்காரர். செடிக்கு என்றேன்.

“ஏனுங்க, செடிக்குக் காய்ச்சலுங்களா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

தட்டை மூடி, சுற்றிலும் ஐஸை அடுக்கினோம். ஆய்வகமே மீன் நாறியது. இங்கே சமையல் நடக்கிறதா என்று பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். சாயங்காலம் கரண்ட் வந்தது.

சில வாரங்களில் குளிர்த் தட்டுச் செடிகள் பள்ளிச் சீருடை போட்டதுபோல ஒரே மாதிரி நின்றன. சூடு பட்டதில் ஒன்று சூம்பிக் கிடந்தது, ஒன்றுக்கு இலை தடித்திருந்தது, இன்னொன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. டி.என்.ஏ.வைச் சோதித்தோம், துண்டுகள் இடம் மாறியிருந்தன. சூடு பட்ட தட்டு எது என்று, யாரும் சொல்லாமலே, பேராசிரியர் வாசலில் நின்றே காட்டினார். நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

அன்றே சந்தைக்குப் போனேன்.

“காய்ச்சல் எறங்கிருச்சுங்களா?” என்றார் மீன்காரர்.

“ஐஸ் வச்சதுக்கு வரவே இல்லீங்க. வர வேண்டியதுக்கு நல்லா வந்துருச்சுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். பாதி வழி வந்தபிறகுதான் மூக்கைப் பொத்த மறந்தது நினைவுக்கு வந்தது.